காற்றும் குறியும்

ஆடித் திங்கள் பிறந்தவுடன் நம் கல்லூரித் தேசிய மாணவர் படையின் துப்பாக்கிப் பயிற்சி நிறுத்தப்படுவதை யாம் இரண்டாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். காற்று அடங்கட்டும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். ஆவணி கழிந்து காற்று அடங்கும். அடங்கியதும் ஐப்பசி மழை தொடங்கும். மழை நிற்கட்டும் என்பர். மழை நின்றபின் தேர்வு வரும். தேர்வு முடிந்தபின் கோடை வெயில் வரும். இங்ஙனம் ஆண்டு முழுதும் நல்ல நாளை எதிர்நோக்கியிருந்து, பயிற்சி பெற்ற நாட்களை எண்ணிப் பார்க்குமிடத்து இரு கை விரல்களே மிகையாகும். ஆனால் போட்டியோ நம் வசதியைக் கேட்டு வருவதன்று. அது குறித்த நாளில், குறித்த இடத்தில், காற்று எவ்வாறு வீசினும் நடைபெறும். அமைதியான நாளில் மட்டும் பழகிய கையோடு அங்கே செல்லும் நம்மவர் தோற்றுத் திரும்புதல் வியப்பன்று.

ஆதலின், குறிபார்த்துச் சுடும் கலைக்குப் பகையென்று நாம் கருதும் காற்றும் மழையும் வெயிலும் உண்மையிற் பகையல்ல. அவையே அக்கலையின் ஆசிரியர்கள் என்பதை இக்கட்டுரையிற் காட்ட விழைகின்றோம். எம் கருத்தை ஒப்பாதாரும் உளர். அவர் கூறும் தடைகளையும் எடுத்து ஆராய்வோம்.

முதற்கண் ஒன்று சொல்லல் வேண்டும். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார் நம்மிடையே பலர். அவர் சுளிப்பில் நியாயம் இல்லாமலில்லை. யாம் பிறந்த ஊர் திருப்பூர். அவ்வூரின் பெயரோடு என்றும் சேர்ந்து நிற்பது துப்பாக்கியன்று, கொடி. 1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தடியடி பட்டு வீழ்ந்தும் கைக்கொடியை விடாது உயிர் நீத்த குமரனுடைய ஊர் அது. அத்தகைய ஊரிற் பிறந்தவர் துப்பாக்கியைப் புகழ்ந்து எழுதுதல் தகுமோ என்று எம்மையே யாம் வினவிக்கொண்டதுண்டு. ஆனால் இலக்குத் தாளை நோக்கிச் சுடுதல் பிறரை நோக்கிச் சுடுதலன்று. அது தன் மூச்சையும், தன் இதயத் துடிப்பையும், தன் அவசரத்தையும் அடக்கப் பழகும் ஒரு நோன்பு. மேலும், வெளிக்களத்தில் சுடுவோன் தன் துப்பாக்கியினும் மிகுதியாகப் பார்க்க வேண்டுவதும் ஒரு கொடியையே என்பதை இனிக் காண்போம்.

குறிபார்த்துச் சுடும் போட்டி இருவகைத்து. ஒன்று கூரைக்குக் கீழே நடப்பது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி அவ்வகையினது. மற்றொன்று வெளியில் நடப்பது. 50 மீட்டர், 300 மீட்டர் ரைபிள் போட்டிகள் அவ்வகையின. அனைத்துலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளை நோக்கின், 50 மீட்டர் வெளிக்களத்தில் குறைந்தது 45 மீட்டராவது வானத்துக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்று வகுத்திருத்தல் காணப்படும். சுடுவோன் கூரையின்கீழ் இருக்கலாம். அவன் குண்டு செல்லும் வழிக்கோ கூரை இல்லை. இதன் பொருள் யாது? வானிலை இப்போட்டியில் தவறிப் புகுந்த இடையூறன்று. விதி வகுத்தோரே அழைத்து அமர்த்திய தேர்வாளர் என்பதன்றோ?

இக்கலையின் பழைய வரலாறும் இதனையே கூறும். இங்கிலாந்தில் தேசிய ரைபிள் சங்கம் 1859இல் தோன்றியது. அதன் முதற் பெருங்கூட்டம் 1860ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விம்பிள்டன் வெளியில் நடைபெற்றது. விக்டோரியா அரசியார், தாங்கியொன்றில் பொருத்தி வைக்கப்பட்ட விட்வொர்த் ரைபிளின் விசையை இழுத்து 400 கஜத் தொலைவிலிருந்த இலக்கின் நடுவை எய்து கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். துப்பாக்கி அசையாமல் இருந்தமையால் அது எளிதாயிற்று. அவருக்குப் பின் வந்தோர் புல்வெளியில் படுத்துத் தம் கையாலேயே தாங்கிச் சுட்டனர். 1890இல் அக்கூட்டம் பிசுலி என்னும் இடத்துக்கு மாறியது. இன்றும் அங்கேயே நடைபெறுகின்றது. அங்கே பெரும் பரிசுக்கான போட்டி 300 கஜத்திலிருந்து 1000 கஜம் வரை பல தொலைவுகளில் நடக்கும். மேலே கூரை இல்லை. மழை பெய்யின் நனைந்துகொண்டே சுடுவர். 1930இல் அப்பெரும் பரிசை மார்சரி பாஸ்டர் என்னும் பெண்மணி வென்று, அதனை வென்ற முதற் பெண் என்னும் புகழ் பெற்றார். உடல் வலியே வெற்றி தரும் என்று எண்ணுவார்க்கு அவர் வெற்றி தக்க விடையாகும். காற்றை அறியும் அறிவுக்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை.

இனிக் காற்று குண்டை யாது செய்கின்றது என்று காண்பாம். 50 மீட்டர் போட்டியில் வழங்குவது 5.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு ஈயக் குண்டு. அதன் எடை ஏறத்தாழ 2.6 கிராம். இலக்குத் தாளின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. நம் சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவு. அதிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று இச்சிறு குண்டை 50 மீட்டரில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஒதுக்கிவிடும். அந்தக் காற்று நம் ஊர்ப் பக்கத்தில் மரத்துச் சிறு கிளைகளை ஆட்டும் காற்றேயன்றிப் புயலன்று. ஆயினும் நடுவிற் சென்று பத்துப் பெறவேண்டிய குண்டு ஏழாம் வளையத்தில் வீழும். கை நடுங்கவில்லை, கண் பிழைக்கவில்லை, துப்பாக்கி குற்றமுடையதன்று. காற்றைப் பாராதிருந்ததே பிழை.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. விரைவாகச் செல்லும் குண்டே காற்றில் குறைவாக ஒதுங்கும் என்று யாவரும் நினைப்பர். யாமும் அங்ஙனமே நினைத்திருந்தோம். உண்மை வேறு. காற்று குண்டை ஒதுக்கும் அளவு, குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கின்றது என்பதைச் சார்ந்தது. ஒலியின் வேகத்தை ஒட்டியும் கடந்தும் செல்லும்போது குண்டுக்கு நேரும் தடை மிகும்; அதனால் வேகத்தை மிகுதியாக இழக்கும்; இழக்கவே மிகுதியாக ஒதுங்கும். ஆதலின் இவ்வகைப் போட்டிக்குரிய தோட்டாக்களை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுமாறு செய்கின்றனர். அவசரம் எப்போதும் ஆற்றலாகாது என்பதற்கு இயற்பியலே சான்று தருகின்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழாயின் உள்ளே வெட்டப்பட்ட திருகு வரிகளால் குண்டு சுழன்றுகொண்டே செல்கின்றது. வலப்பக்கமாகச் சுழலும் குண்டை இடமிருந்து வரும் காற்று வலத்தே ஒதுக்குவதோடு சிறிது கீழேயும் இறக்கும். வலமிருந்து வரும் காற்று இடத்தே ஒதுக்குவதோடு சிறிது மேலேயும் ஏற்றும். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால், குண்டு நான்கு மணித் திசைக்கும் பத்து மணித் திசைக்கும் இடையே சாய்ந்து ஆடும். இதனை அறியாதவன் தன் மூச்சு பிழைத்தது என்று எண்ணி இல்லாத குற்றத்தைத் திருத்த முயன்று உள்ள நலத்தையும் கெடுத்துக்கொள்வான்.

காற்றை எவ்வாறு காண்பது? இங்கேதான் கொடி வருகின்றது. 50 மீட்டர் களத்தில் சுடுமிடத்திலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் காற்றுக்கொடிகள் நாட்டப்படுதல் வேண்டும் என்பது விதி. கொடியின் அளவு 50 மில்லிமீட்டர் அகலம், 400 மில்லிமீட்டர் நீளம். துணி எத்தகையது? பருத்தி போன்ற துணி. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் எடையுடையது. இவ்விதியை முதன்முதற் படித்தபோது யாம் வாய்விட்டு நகைத்தோம். சதுர மீட்டருக்கு இத்துணை கிராம் என்பது எம் ஊரில் சிறு பிள்ளைகளும் அறிந்த கணக்கு. பனியன் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து அக்கணக்கைச் சொல்லாத கம்பெனி திருப்பூரில் இல்லை. 150 கிராம் என்பது நாம் நாள்தோறும் அணியும் மெல்லிய பனியன் துணியின் எடையே. உலகப் போட்டிகளில் வீரர் நோக்கியிருக்கும் கொடிக்குரிய துணி, எம் தெருவில் வெட்டி எஞ்சிய துண்டுகளாக மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றது. நாமோ அதனைக் கைதுடைக்கப் பயன்படுத்திவிட்டு, காற்று எங்கிருந்து வருகின்றதென்று தெரியவில்லை என்கின்றோம்!

கொடியேயன்றிக் கானலும் காற்றைக் காட்டும். வெயில் மிகுந்த நாளில் தொலைநோக்கியால் இலக்கை நோக்கின், தரையிலிருந்து எழும் வெப்பம் நீர்போல நெளிந்து ஓடுவது தெரியும். அது ஓடும் திசையே காற்றின் திசை. நேரே மேல்நோக்கி எழுமாயின் காற்று இல்லை, அல்லது அது நேர் முன்னிருந்தோ பின்னிருந்தோ வருகின்றது என்பது பொருள். தமிழ் கற்கும் எமக்குக் கானல் என்றவுடன் நினைவுக்கு வருவது பொய்த்தோற்றம். மானை ஏமாற்றும் நீர். சுடுவோனுக்கோ அக்கானல் மெய் கூறும் தூதன். ஒரே பொருள் அறியாதானை ஏமாற்றுகின்றது. அறிந்தானுக்கு வழி காட்டுகின்றது.

மழையைப் பற்றியும் சில சொல்வோம். மழைத்துளி குண்டைத் தட்டி வீழ்த்தும் என்று அஞ்சுவார் உளர். அஃது அரிது. மழையின் தீங்கு வேறு வழியில் வரும். மேகம் மூடியதும் ஒளி குறையும்; குறையவே கண் இலக்கின் கரிய வட்டத்தைக் காணும் அளவு மாறும். குறிக் கருவியின் துளையில் நீர் படியும். கண்ணாடியில் மூச்சின் ஆவி படரும். தாள் இலக்கு ஊறித் தளரும். பெரிய ரைபிள்களில் நனைந்த தோட்டாவை இட்டால் குண்டு மேலேறிச் செல்லும். ஆதலின் பிசுலியில் சுடுவோர் தாம் நனையினும் தம் தோட்டாவை நனையவிடார். இவை யாவும் அறிந்து காக்கத்தக்கன; அஞ்சி ஓடத்தக்கன அல்ல.

வெயிலின் இடரும் எளிதன்று. தடித்த துணியாலும் தோலாலும் ஆகிய சுடு சட்டையை இறுக அணிந்து, பங்குனி வெயிலில் தரையில் படுத்து ஒரு மணி நேரம் அசையாதிருத்தல் எத்துணை அரிது என்பதைப் படுத்தவரே அறிவர். சூடேறிய குழாயிலிருந்து எழும் வெப்பமும் கண்ணுக்கு முன்னே கானலாய் நெளியும். வியர்வை புருவத்தைக் கடந்து கண்ணில் இறங்கும் நேரத்தில் விசையை இழுப்பதா, துப்பாக்கியைத் தாழ்த்தித் துடைத்துக்கொள்வதா என்னும் சிறு முடிவே அன்றைய வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும்.

இனி எம் தோல்வியொன்றைச் சொல்ல வேண்டும். பிறர் குற்றம் கூறுதற்கு முன் தம் குற்றம் கூறுதல் முறை. சென்ற ஆண்டு ஆடியில், பல கல்லூரி மாணவர்க்குப் பொதுவான ஒரு தேர்வுப் போட்டிக்குச் சென்றிருந்தோம். 50 மீட்டர், படுத்த நிலை, பத்துத் தோட்டாக்கள். முற்பகலில் காற்று அடங்கியிருந்தது. பழகுதற்குச் சுட்ட குண்டுகள் நடுவிலேயே நெருங்கி வீழ்ந்தன. எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கணக்குக்குரிய குண்டுகளைத் தொடங்கியபோது மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எழுந்தது. கொடி இடமிருந்து வலமாக நீண்டு பறப்பதைக் கண்டோம். கண்டும் நம்பவில்லை. சற்றுமுன் நடுவிற் சென்ற குண்டு இப்போது மட்டும் ஏன் செல்லாது என்று எண்ணி, அதே குறியில் அடுத்தடுத்துச் சுட்டோம். தாளைக் கொணர்ந்தபோது எட்டும் ஏழுமாக வலப்பக்கத்தே வரிசையாக நின்றன துளைகள். அழகாகக் கூடித்தான் இருந்தன. ஆனால் நடுவில் இல்லை.

எமக்கு அடுத்த இடத்தில் வேறொரு கல்லூரி மாணவியொருவர் படுத்திருந்தார். அவர் கையிலிருந்ததும் எம் கையிலிருந்தது போன்ற பழைய பொதுத் துப்பாக்கியே. அவர் துப்பாக்கியைத் தோளில் வைப்பார், கொடியைப் பார்ப்பார், இறக்கி வைப்பார். மீண்டும் வைப்பார், மீண்டும் இறக்குவார். யாம் பத்தும் சுட்டு முடித்தபோது அவர் நான்காவதில் இருந்தார். அச்சத்தால் தயங்குகின்றார் என்று மனத்துள் எள்ளினோம். கொடி ஒரே சாய்வுக்கு மீண்டு வரும்போது மட்டும் அவர் சுட்டார் என்பது பின்னரே விளங்கிற்று. கடைசியாக எழுந்தவர் அவர். முதலாவதாக வந்தவரும் அவரே.

வீட்டுக்குச் சென்று எந்தையாரிடம் இதனைச் சொன்னோம். அவர் பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டர். துப்பாக்கியைத் தொட்டறியாதவர். சிறிது நேரம் பேசாதிருந்து, “துணியைப் பிரிச்சுப் போட்டு ஆற விடோணும் கண்ணு. உருளையிலிருந்து எடுத்ததும் வெட்டினா, வெட்டறப்போ அளவு சரியாத்தான் இருக்கும், தெச்ச பொறவுதான் சுருங்கினது தெரியும்” என்றார். அவ்வளவே. இழுத்துச் சுற்றிய பின்னல் துணி தன் இயல்புக்கு மீளும்வரை பொறுத்திருந்து வெட்டுதல் அவர் தொழிலின் முதற் பாடம். பொருளின் இயல்பு அறியாமல் விரைந்த கை கத்திரியைப் பிடித்தாலென்ன, துப்பாக்கியைப் பிடித்தாலென்ன?

இனித் தடைகளை ஆராய்வோம். காற்றில் நடக்கும் போட்டி நேர்மையற்றது. ஒருவன் சுடும்போது காற்று அடங்கும், மற்றொருவன் சுடும்போது எழும். ஆதலின் அது திறமையன்று, ஊழ் என்பர் ஒரு சாரார். ஒரோவொருகால் அங்ஙனம் நேர்தல் உண்மையே. ஆனால் 60 குண்டுகளை 50 நிமிடத்தில் சுடுக என்று காலத்தை மொத்தமாகக் கையில் கொடுத்திருப்பது எதற்காக? எப்போது சுடுவது, எப்போது பொறுப்பது என்பதைச் சுடுவோனே தேர்ந்துகொள்ளற்கன்றோ? காற்று எவர்க்கும் ஒன்றுபோல் வீசாது. ஆனால் காத்திருக்கும் உரிமை எல்லார்க்கும் ஒன்றே.

தோட்டா விலை மிக்கது. காற்றில் சுட்டு அதனை வீணாக்கலாகாது என்பர் மற்றொரு சாரார். இத்தடை வலிமையுடையது. பொதுப் பணத்தில் வாங்கிய தோட்டா ஒன்றேனும் வீணாதல் ஆகாது. ஆயின் காற்றைக் கற்றற்குத் தோட்டா வேண்டுவதில்லை. கொடியை நாட்டி, வெறுந் துப்பாக்கியோடு படுத்து, இப்போது சுடலாம், இப்போது பொறுக்கலாம் என்று சொல்லிப் பழகலாம். அருகிருப்போர் அதனை எழுதலாம். பத்து நாள் இங்ஙனம் பழகியபின் ஐந்து தோட்டா கொடுத்தாற் போதும். யாம் அத்தேர்வில் பத்துத் தோட்டாக்களை வீணாக்கியது காற்றில் பழகியதாலன்று. பழகாததால் என்பதை மறவற்க.

காலம் மாறிவிட்டது, உலகம் கூரைக்குக் கீழே சென்றுவிட்டது, இந்தியாவுக்குப் புகழ் தந்ததும் அதுவே என்பர் மூன்றாஞ் சாரார். 2008இல் பெய்சிங்கில் அபினவ் பிந்திரா பெற்ற பொற்பதக்கமும், சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் பெற்ற வெண்கலமும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியால் வந்தனவே. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் பொன் வென்றதும் அதிலேயே. படுத்துச் சுடும் 50 மீட்டர் போட்டி 2016க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டதும் உண்மை. யாம் காற்றுத் துப்பாக்கியை இகழவில்லை. அதன் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டரே என்பதை அறிந்தோர் அதனை இகழார். ஆயினும் வெளிக்களத்துக் கலை அழிந்துவிடவில்லை. 2010இல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் உலக வாகை சூடியவர் தேசசுவினி சாவந்து. 2024இல் பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றவர் சுவப்னில் குசாலே. இருவரும் கோலாப்பூர் மாவட்டத்தார். அம்மாவட்டத்தில்தான் விசைத்தறிகளுக்குப் பெயர் பெற்ற இச்சல்கரஞ்சி உள்ளது. தறி ஓடும் ஒரு மாவட்டம் இருவரைத் தந்திருக்க, பல்லடத்துத் தறியும் திருப்பூர்ப் பின்னல் பொறியும் ஓடும் நம் நாட்டிலிருந்து ஒருவர் ஏன் எழலாகாது?

யாம் மிகுதியும் கவலுவது இதனைப் பற்றியே. இக்கலை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. அயல்நாட்டு ரைபிளும் சட்டையும் தோட்டாவும் வாங்குதற்கு இலக்கக் கணக்கில் பணம் வேண்டும். துண்டுக் கணக்குக் கூலிக்குத் தைப்பவர் பிள்ளை அவற்றை எங்ஙனம் வாங்குவார்? தேசிய மாணவர் படை 1948இல் ஏற்பட்டதால் அன்றோ எம்போல்வார் துப்பாக்கியைத் தொட நேர்ந்தது? காற்றில்லா அறையில் பத்திலொரு புள்ளியும் வெற்றியைத் தீர்மானிக்கும்போது நல்ல கருவியுடையார்க்கு நலம் மிகுதி. காற்று வீசும் வெளியிலோ கருவியின் நலத்தினும் கண்ணின் அறிவு பெரிது. கருவியை விலைக்கு வாங்கலாம். காற்றை அறியும் அறிவை விலைக்கு வாங்க இயலாது. அது காத்திருந்தார்க்கு இலவசமாகக் கிடைப்பது. ஆகவே ஆடிக் காற்றில் களத்தைப் பூட்டுவோர், ஏழை மாணவர் கையிலிருக்கும் ஒரே செல்வத்தையும் பூட்டி வைக்கின்றனர் என்போம். இச்சொல் கடுமையாயின் ஆசிரியர்கள் பொறுத்தருள்க. ஆனால் இதனை மெல்லச் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

எம் ஊரார் காற்றைப் பகையாகக் கருதியதில்லை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நாற்றிசைக் காற்றுக்கும் வேறுவேறு பெயரிட்டு அழைத்த மொழி நம் மொழி. கணவாய் வழியே வரும் மேல்காற்றின் வரவை நாள் குறித்துச் சொல்லும் உழவர் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் இன்றும் உளர். உடுமலைப்பேட்டைப் பக்கத்தே அக்காற்றில் சுழலும் காற்றாலைகள் பல, பின்னலாடைக் கம்பெனிகளும் நூற்பாலைகளும் நிறுவியன. பிறர் கூரையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கக் கற்றது இந்நாடு. அந்நாட்டு மாணவர் காற்று வருகின்றது என்று துப்பாக்கியை உறையில் இடுதல் பொருந்துமோ?

ஓர் எல்லையையும் கூறுதல் கடன். இடி மின்னல் உள்ளபோது களத்தில் இருத்தல் வீரமன்று, பேதைமை. இலக்கும் அதன் பின்னுள்ள மண்மேடும் கண்ணுக்குத் தெரியாத மழையில் ஒரு குண்டும் சுடலாகாது. பொறுப்பாளர் நிறுத்துக என்றால் அக்கணமே நிறுத்தல் வேண்டும். யாம் வேண்டுவது பாதுகாப்பைத் தளர்த்துவதன்று. இடரையும் தொல்லையையும் வேறு பிரித்து அறிக என்பதே. இடர் வரின் விலகுக. தொல்லை வரின் கற்க.

எம் வேண்டுகோள் நான்கு. ஒன்று: ஆடி, ஆவணித் திங்கள்களில் வாரம் ஒரு நாளேனும் களம் திறந்திருத்தல் வேண்டும். இரண்டு: 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் கொடிகள் நாட்டப்படுதல் வேண்டும், துணிக்கு யாமே பொறுப்பு. மூன்று: ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, அன்றைய காற்று, ஒளி, வெப்பம், குண்டு வீழ்ந்த இடம் ஆகியவற்றை எழுதி வருதல் வேண்டும். நான்கு: நம் கல்லூரியின் ஆண்டுப் போட்டியைத் தைத் திங்களின் அமைதியான காலையிலிருந்து ஆடியின் பிற்பகலுக்கு மாற்றுதல் வேண்டும். புள்ளிகள் குறையும், குறையட்டும். எளிய இலக்கை வீழ்த்தியதினும் அரிய இலக்கைக் குறிவைத்துத் தவறியது மேல் என்னும் கருத்தைப் படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் வைத்திருத்தலை நாம் வகுப்பில் படித்து மதிப்பெண் பெற்றுவிட்டு, களத்தில் மறத்தல் தகாது.

நண்பர்காள்! கல்லூரியை விட்டு நாம் செல்லவிருக்கும் உலகம் கூரையிட்ட களமன்று. வேலை கிடைக்கும் ஆண்டும் உண்டு. கிடைக்காத ஆண்டும் உண்டு. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குவியும் திங்களும் உண்டு. பொறிகள் வாளாவிருக்கும் திங்களும் உண்டு. அவற்றை நம்மால் நிறுத்த இயலாது. கொடியைப் பார்த்து, பொறுத்திருந்து, தக்க நேரத்தில் தக்க அளவு குறியை மாற்றிக்கொள்ளல் மட்டுமே நம் கையிலுள்ளது. சென்ற ஆடியில் எமக்கு அது தெரியவில்லை. வரும் ஆடிக்குள் கற்றுக்கொள்ள விழைகின்றோம். 5 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமுமாக எந்தையார் வெட்டிக் கொடுத்த ஆறு கொடிகள் எம் விடுதி அறைப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டுள்ளன. களத்தின் பூட்டு திறக்குமாயின், அவற்றை நாட்ட முதலில் வருவோர் யாமாக இருப்போம்.